ஹெர்னியாவுக்கு ஜெபித்தீர்கள், கர்த்தர் மகளைக் கொடுத்தார்

என் மனைவி சுகந்தியின் கர்ப்பம் திறக்க வேண்டும் என்று நம் சபை மூன்று வருஷம் ஜெபித்தது. புதன்கிழமை வீட்டுக்கூட்டத்தில் ஜெபித்தீர்கள், உபவாசக் கூட்டத்தில் ஜெபித்தீர்கள், ஸ்டெல்லா அக்கா அவள் நெற்றியில் எண்ணெய் பூசியும் ஜெபித்தார். குறை அவளிடம் இல்லை, என்னிடம். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. நானோ உங்கள் நடுவிலேயே உட்கார்ந்து எல்லாரையும் விட உரக்க ஆமென் சொன்னேன்.

நான் செல்வராஜ். ஊர் மார்த்தாண்டம் பக்கம், இருப்பது கரமனையில், பிழைப்பு பிளம்பிங் காண்டிராக்ட். நம் சபை இதழுக்காக இதை எழுதித் தரும்படி பாஸ்டர் கேட்டார். சுருக்கமாக எழுதச் சொன்னார். குழாய் வேலைக்காரன் சொன்ன நேரத்தில் எதையும் முடித்தது கிடையாது, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் மனைவி ரோஸ்லெட்டை உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அனிஷா, அஜிஷா என்று இரண்டு பெண்கள். ரோஸ்லெட்டுக்கு இதயத்தில் வால்வு பழுது. இரண்டாவது பிரசவமே கண்டம் தாண்டியது போலத்தான். இனி ஒரு பிரசவம் கூடாது, கர்ப்பத்தடை ஆபரேஷனுக்குக் கூட இவளுக்கு மயக்க மருந்து கொடுப்பது நல்லதல்ல என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் நான் செய்துகொள்கிறேன் என்றேன். அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து வந்தேன். ஊரில் என் மச்சான்மார் கேலி பண்ணி என்னை ஒரு வழி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஆண்மை போய்விடும், பாரம் தூக்க முடியாது என்று பயமுறுத்தினார்கள். ஒன்றும் போகவில்லை. மறு மாதமே தண்ணீர்த் தொட்டி சுமந்து மூன்று மாடி ஏறினேன்.

அஜிஷாவுக்கு ஐந்து வயதானபோது ரோஸ்லெட் போய்விட்டாள். காய்ச்சல் என்றுதான் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் இதயம் நின்றுவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை, எழுதினால் இந்தச் சாட்சி முடியாது.

மூன்று வருஷம் கழித்து சுகந்தியைக் கட்டினேன். பள்ளிக்கூட டீச்சர், அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பெண் பார்த்த அன்றே தனியாகக் கூப்பிட்டு என் ஆபரேஷனைச் சொன்னேன். ஒளித்துவைத்துக் கட்டவில்லை, அந்த மட்டுக்கு என் நெஞ்சு சுத்தம். "ரெண்டு பிள்ளைய இருக்குல்லா, போதும்" என்றாள். நானும் அதை நம்பினேன். ஆண்களுக்கு வசதியான பதில் என்றால் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆனதும் சபையில் விசாரிப்பு ஆரம்பித்தது. விசேஷம் ஒன்றும் இல்லையா என்று அவளைத்தான் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே, என் பேரில் எப்படிச் சந்தேகம் வரும்? அவள் சிரித்து மழுப்பினாள். புருஷனின் சங்கதியைப் பொதுவில் போட மனம் வரவில்லை. அப்படியே அது ஜெபக் குறிப்பானது. ஜெபக் குறிப்புகளை நோட்டில் எழுதி வாசிக்கிற ஞானதாஸ் அண்ணன், "சுகந்தி சகோதரிக்குக் கர்ப்பத்தின் கனி" என்று வாராவாரம் வாசித்தார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நோட்டில் ஏறிய பெயர் பலன் கிடைக்காமல் இறங்காது.

மூன்றாம் வருஷம் உபவாசக் கூட்டம் ஒன்றில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது நான் திறந்து பார்த்தேன். பெண்கள் பக்கம் சுகந்தி அழுதுகொண்டிருந்தாள். சும்மா கண் கலங்குவது இல்லை, தோள் குலுங்கி அழுதாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, தனக்கும் ஒரு பிள்ளை பெற ஆசை உண்டு, அனிஷாவும் அஜிஷாவும் உயிர்தான், ஆனாலும் அந்த ஆசை போகமாட்டேன் என்கிறது என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

என் மறுமொழியைக் கேளுங்கள். "கட்டு போட்டதுதானே, அவிழ்த்துவிட்டால் போச்சு" என்றேன். அறுத்த பைப்பில் கப்ளிங் போட்டு, பசை தடவி, பத்து நிமிஷம் காயவிட்டுத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் நான். இதுவும் அந்த ஜாதி வேலைதான் என்று நினைத்தேன்.

தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் யூராலஜி டாக்டரைப் பார்த்தோம். கோட்டயத்து மலையாளி, நன்றாகச் சிரிப்பார். என் தொழிலைக் கேட்டதும், "செல்வராஜே, நிங்ஙள்க்கு வேகம் மனசிலாகும்" என்றார். எனக்குச் சீக்கிரம் புரிந்துவிடுமாம். ஒரு தாளை எடுத்துக் குழாய் வரைந்தார். நூல் கனமுள்ள குழாய், அதற்குள் இருக்கிற துவாரம் ஊசி முனை அளவு. அதை மைக்ரோஸ்கோப் வைத்து, முடியை விட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று நாலு மணி நேரம். தடுப்பது அரை மணியில் முடியும், சேர்ப்பது அப்படி இல்லை. அதனால்தான் கர்ப்பத்தடை செய்கிறவர்களிடம் இது நிரந்தரம் என்று எண்ணிச் செய்யுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று செய்யாதீர்கள் என்று சொல்வதாகச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். அது எனக்கு உடனே புரிந்தது. ஒரு லைன் வருஷக்கணக்கில் அடைத்துக் கிடந்தால் அடைத்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதாது, அழுத்தம் ஏறிப் பின்னால் வேறு இடமும் அடைத்திருக்கும். உடம்பிலும் அப்படித்தானாம். வருஷம் கூடக்கூட வாய்ப்பு குறையும். எனக்குப் பதினொரு வருஷம். பின்னால் அடைப்பு இருக்கிறதா என்பது மேஜையில் திறந்து, வருகிற நீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். இருந்தால் இன்னும் மேலே, இன்னும் மெல்லிய குழாயில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது கஷ்டமான வேலை, எல்லாருக்கும் கைவராது. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வீர்களா, இதற்கு முன் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்றார் அவரே.

நான் உடனே தேதி கேட்டேன். அவர் தரவில்லை. முதலில் சுகந்திக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். என்னைத் திறப்பதற்கு இவளுக்கு ஏன் என்று கேட்டேன். மனைவியின் வயதும் உடம்பும் சேர்ந்துதான் வழியைத் தீர்மானிக்கும் என்றார். ஆபரேஷன் பலித்தாலும் உயிரணு திரும்பி வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் வரை ஆகும், அந்தக் காலம் பெண்ணுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இல்லையென்றால் ஆபரேஷனே வேண்டாம், ஊசியால் உயிரணுவை எடுத்து சோதனைக்குழாய் முறையில் முயற்சி செய்கிற வழியும் உண்டு என்றார். சுகந்தியின் ரிப்போர்ட் வந்தது. அவளிடம் ஒரு குறையும் இல்லை. டாக்டர் அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தாள். மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்து மழை பிடித்த வாரத்தில் ஆபரேஷன். அதற்கு முன் புதன்கூட்டத்தில் ஜெபம் கேட்க வேண்டும் அல்லவா? எழுந்து நின்றேன். "ஒரு சின்ன ஆபரேஷன்... அடிவயித்துக்குக் கீழ..." என்று இழுத்தேன். ஞானதாஸ் அண்ணன் நிமிர்ந்து, "ஹெர்னியாவா?" என்று கேட்டார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கவனித்துக்கொண்ட கவனிப்பை மறக்க முடியாது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு பக்கம் நேராகச் சேர்ந்தது, மறு பக்கம் பின்னால் அடைப்பு இருந்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்தேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்து குவிந்தன. பால்ராஜ் அண்ணன் தான் முன்பு கட்டியிருந்த ஹெர்னியா பெல்ட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குடல் இறங்காதபடி கர்த்தர் தாங்க வேண்டும் என்று பாஸ்டர் உருகி ஜெபித்தார். நான் படுத்தபடியே ஆமென் சொன்னேன். உள்ளே தாங்கவேண்டியது வேறொன்று. சுகந்தி அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

நாலு வாரம் பாரம் தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, இறுக்கமான உள்ளாடை கழற்றக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை தாம்பத்தியமும் கூடாது. வீக்கமும் வலியும் ஒரு வாரம் இருந்தது, தாங்கக்கூடியதுதான். சைட்டுக்குப் பஸ்ஸில் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேலையாட்களுக்கு உத்தரவு போட்டேன். அவர்களுக்குத்தான் அந்த நாலு வாரம் சோதனைக் காலம்.

ஓணம் லீவு முடிந்து முதல் பரிசோதனை. பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. டாக்டர், "பேடிக்கண்டா, சமயம் உண்டு" என்றார். பயப்படாதே என்று சொல்வது அவருக்கு எளிது. ஆபரேஷன் மேஜையில் படுத்தபோது கூட இவ்வளவு பயம் இல்லை. அறுத்துத் தைத்து இவளுக்கு ஆசையைக் காட்டி, கடைசியில் வெறுங்கையோடு அனுப்பப் போகிறேனா என்று இருந்தது. ஆண்டவரே, நான் கெட்டவன், அவளை நினையும் என்று ஜெபித்தேன். வேறு வார்த்தை வரவில்லை.

அந்த நிலைமையில்தான் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. சுகம் பெற்றவர்களை முன்னால் அழைத்தார்கள். ஞானதாஸ் அண்ணன் நோட்டைப் பார்த்து, "ஹெர்னியாவிலிருந்து பூரண சுகம், செல்வராஜ்" என்று வாசித்துவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்? உட்கார்ந்தே இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுந்து போய் மைக்கைப் பிடித்து, என் ஹெர்னியாவைக் குணமாக்கின தேவனுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் கை தட்டினீர்கள். அடுத்த குறிப்பாக, "சுகந்தி சகோதரிக்குக் கர்ப்பத்தின் கனி, இன்னும் காத்திருக்கிறோம்" என்று வாசித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கரமனைப் பாலம் வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பாலத்தில் நின்றாள்.

"எனக்கு ஒரு பிள்ள வேணும்ணு கேக்கதுக்கு உங்களுக்கு வெக்கமா?" என்று கேட்டாள். "ரோஸ்லெட் அக்காவுக்காக ஆபரேஷன் செஞ்சத ஊரு பூரா பெருமையா சொன்னீங்க. எனக்காக செஞ்சதுக்கு மட்டும் ஹெர்னியாண்ணு பேரா?"

நான் சுருண்டுவிட்டேன். என் மனதில் இருந்தது வேறு வெட்கம். இந்த வயதில், வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு ஆசைப்படுகிறான் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். அவளுக்கு அது எப்படித் தெரிகிறது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. மூன்று வருஷம் என் பெயரில் இருக்க வேண்டிய குறையைச் சபை நடுவில் அவள் சுமந்தாள். நான் அதற்கு ஆமென் போட்டேன். பாலத்தில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்று வராதவர்களுக்காக எழுதுகிறேன். சாட்சி நேரத்தில் நானே எழுந்து முன்னால் போனேன். எனக்கு ஹெர்னியா வந்ததே இல்லை என்று ஆரம்பித்தேன். கர்ப்பத்தடை செய்தது, அதைத் திரும்பச் சேர்க்க ஆபரேஷன் செய்தது, பரிசோதனையில் ஒன்றும் இல்லாதது, போன வாரம் இதே மைக்கில் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பால்ராஜ் அண்ணன் மட்டும் தன் பெல்ட்டை நினைத்தாரோ என்னவோ, என்னையே பார்த்தார்.

ஞானதாஸ் அண்ணன் மெல்ல நோட்டைத் திறந்தார். பழைய பக்கத்தைத் தேடி எடுத்து ஒரு வரியை அடித்தார். இன்னொரு வரியையும் அடித்தார். பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்பம் சொல்லு தம்பி, என்னண்ணு எழுதணும்? சரியா சொல்லு. இதுவர தப்பான எடத்துக்கு ஜெபிச்சாச்சு."

சொன்னேன். அவர் எழுதி, எழுந்து நின்று வாசித்தார். "செல்வராஜுக்கு ஆபரேஷன் பலித்து ஒரு குழந்தை. சுகந்திக்கு ஒரு குறையும் இல்லை." கடைசி வாக்கியத்தை யாரும் கேட்காமலே இரண்டாம் தடவையும் வாசித்தார். எண்ணெய் பூசிய ஸ்டெல்லா அக்கா எழுந்து போய் சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நீங்கள் ஜெபித்த ஜெபம் மாதிரி நான் கேட்டதில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு, ஆனால் சுற்றி வளைக்காமல் பெயர் சொல்லிக் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின பரிசோதனையிலும் பூஜ்யம்தான். ஆனால் வீட்டில் பாரம் குறைந்திருந்தது. "வந்தாலும் வராட்டாலும் நீங்க எனக்காக எழும்பி நின்னீங்க. ஆனா நான் கேக்கத நிறுத்தமாட்டேன் கேட்டேளா" என்றாள் சுகந்தி. அவள் நிறுத்தவில்லை.

ஆற்றுகால் பொங்கலைக்கு முந்தின நாள் மூன்றாவது சாம்பிள் கொடுத்தேன். ரிப்போர்ட் அன்று சாயங்காலமே வந்திருக்கும், வாங்கத் தைரியம் இல்லை. மறுநாள் ரோடெல்லாம் பெண்கள் பொங்கல் வைக்கிற அடுப்பு, வண்டி ஓடாது. நடந்தே போய் வாங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் பிரித்தேன். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் இருந்தது. உயிரோடு நீந்திக்கொண்டிருக்கிறது என்று லேபில் இருந்த பெண் விளக்கிச் சொன்னாள். தம்பானூரிலிருந்து கரமனை வரை செங்கல் அடுப்புகளுக்கும் பானைகளுக்கும் இடையில் நடந்தேன். புகையில் எல்லார் கண்ணிலும் தண்ணீர். நான் தேம்பித் தேம்பி அழுதேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும் விசிறியை நீட்டி, "மோனே, கண்ணு நீறுந்நுண்டோ" என்று கேட்டார். கண் எரிகிறது என்று தலையாட்டினேன். இந்தத் தடவை சொன்ன பொய்யை ஆண்டவர் மன்னிப்பார்.

அதிலிருந்து ஐந்தாம் மாதம், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள் சுகந்தி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கூட இறக்கி வைக்காமல் சொன்னாள். அனிஷாவுக்குப் பதினைந்து வயது. செய்தி கேட்டதும், "அப்பா, எனக்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நான் என்ன சொல்லுவேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்து ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்தாள். எல்லாம் பெண் பெயர்.

போன ஏப்ரலில் பிரசவம். லேபர் ரூம் கதவைத் திறந்து ஒரு சிஸ்டர், "சுகந்தியுடே ஆளு ஆரா?" என்று கூப்பிட்டார். சுகந்தியின் ஆள் யார் என்று கேட்கிறார். நான் எழுந்தேன். பார்த்தால் எனக்கு முன்னால் அனிஷாவும் அஜிஷாவும் எழுந்து நிற்கிறார்கள். சிஸ்டர் அனிஷாவின் கையில்தான் குழந்தையைக் கொடுத்தார். பெண் குழந்தை. நான் மூன்றாவதாகத்தான் தொட்டேன்.

இப்போது அவளுக்கு ஏழு மாதம். பெயர் ஜெபஸ்லின். சத்தம் அவள் அம்மாவைப் போல இல்லை, என்னைப் போல.

சகோதரர்களே, எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லமாட்டேன். என்னோடு அதே வாரம் ஆபரேஷன் செய்த பாறசாலைக்காரர் ஒருவர் உண்டு, என்னைவிட நல்ல விசுவாசி. அவருக்குச் சேரவில்லை. இப்போது ஊசி முறையில் முயற்சி செய்கிறார்கள். அவரைவிட நான் நன்றாக ஜெபித்தேன் என்று நினைத்தால் நான் மூடன். நம் புதன்கூட்டத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். ஆனால் நான் கற்றது ஒன்று உண்டு. கர்த்தரிடம் கேட்க வெட்கப்பட்டு வேறு பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். உங்கள் வெட்கத்தின் பாரம் உங்கள்மேல் விழாது, வீட்டில் இருக்கிறவள்மேல் விழும். ஆஸ்பத்திரிக்கும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள், வருஷத்தைத் தள்ளாதீர்கள், டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், பூஜ்யம் வந்த அன்று இடிந்து உட்காராதீர்கள்.

நான் சாட்சி சொன்ன நாளிலிருந்து இதுவரை நாலு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். யாரும் நேராக வரவில்லை. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, என் பக்கம் பார்க்காமல், "அண்ணே, அந்த ஆபரேஷன்..." என்கிறார்கள். நானும் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து பதில் சொல்கிறேன். நீங்களும் வாருங்கள். செருப்பு காலிலேயே இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து தேடுவோம். நமக்குக் கொடுக்கிற கர்த்தர் அதற்குள் தம் வேலையைத் தொடங்கியிருப்பார்.